அரை ஸ்பூன் டீச்சர்

முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொள்கிறார். பிறகு மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்கிறார். வலது கை மடியில் கிடக்கிறது. அதில் இன்னொரு சின்னத் துண்டு, துவைத்துத் துவைத்து நிறம் போனது. அதன் ஒரு முனையை மட்டும் இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்திருக்கிறார். எதிரே மேசையில் ஒரு கிண்ணம் நிறைய மசித்த உருளைக்கிழங்கு, உப்புக்கூடப் போடாதது. பக்கத்தில் ஒரு ஸ்பூன். நீலக் கட்டம் போட்ட சீருடையில் இருபத்துமூன்று பெண்கள் சுற்றி நிற்கிறார்கள்.

“இனிமே நான் பேச மாட்டேன். எனக்குப் பேச்சு வராதுன்னு வச்சுக்கங்க. யாராவது ஒருத்தி வந்து ஊட்டுங்க. இன்னொருத்தி நடக்கறத எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டே வரட்டும்,” என்கிறார். அதோடு வாயை மூடிக்கொள்கிறார்.

பெண்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. ஐம்பத்தேழு வயது டீச்சருக்கு ஊட்டிவிடுவதா? ஒருத்தியை ஒருத்தி இடித்துத் தள்ளியதில் கன்னம் உப்பிய பெண் ஒருத்தி முன்னால் வந்து விழுகிறாள். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் ஸ்பூனை எடுத்து, சரியாகப் பாதி அளவு அள்ளுகிறாள். “ஆ காட்டுங்க டீச்சர்.” டீச்சர் வாயைத் திறக்கிறார். ஸ்பூன் உள்ளே போய் வெளியே வருகிறது. நோட்டுக்காரி ஒரு கோடு போடுகிறாள்.

அவள் ஊட்டிக்கொண்டிருக்கட்டும். அந்தக் கிண்ணம் காலியாக எப்படியும் அரை மணி நேரம் ஆகும். அதற்குள் இவரைப் பற்றிச் சொல்லிவிடலாம்.

நர்சிங் கல்லூரியில் இவருக்கு ‘அரை ஸ்பூன் டீச்சர்’ என்று பெயர். “முழு ஸ்பூன் நம்ம வாய்க்கு. அவங்களுக்கு அரை ஸ்பூன்” என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்வதால் வந்த பெயர். அது அவருக்கும் தெரியும். ஒரு முறை மாணவிகள் விடுதிக் கழிவறைக் கதவில் யாரோ ஒரு ஸ்பூனை வரைந்து அதற்குக் கண்ணாடியும் கொண்டையும் போட்டிருந்தார்கள். வார்டன் கொதித்துப்போய் இவரை அழைத்துக் காட்டினார். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “கொண்டை சரியா வரல,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் ஆண்டு மாணவிகள் இரண்டு வாரம் இந்த இல்லத்துக்கு வந்தாக வேண்டும். பிரசவ வார்டு என்றால் போட்டி போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு, இங்கே வரவேண்டிய வாரம் வந்தால் மட்டும் காய்ச்சல் வரும், வயிற்றுவலி வரும், நெருங்கிய உறவில் ஒரு சாவு விழும். வாசல் பெயர்ப்பலகையை மூன்று முறை மாற்றிவிட்டார்கள். முதலில் மனவளர்ச்சி குன்றியோர் என்று இருந்தது. அப்புறம் சிறப்புக் குழந்தைகள் என்று ஆனது, உள்ளே இருந்தவர்களுக்கெல்லாம் தலை நரைத்திருந்தபோதும். இப்போது அறிவுசார் குறைபாடுடையோர். பலகையில் பெயர் மாறியதே தவிர, உள்ளே மஞ்சள் வாளியும் அதேதான், இரும்புக் கட்டிலும் அதேதான்.

ஆண்கள் கூடத்தில் முப்பத்திரண்டு கட்டில்கள் இரண்டு வரிசையாகக் கிடக்கின்றன. தரையைக் கழுவினால் தண்ணீர் ஓடுவதற்கு நடுவில் ஒரு வாய்க்கால் போகிறது, மாட்டுக்கொட்டிலில் இருப்பதுபோல. பினாயில் நெடிக்குக் கீழே இன்னொரு நெடி எப்போதும் இருக்கும். குளிக்கும் இடத்துக்குக் கதவு கிடையாது. திரை ஒன்று தொங்குகிறது, அது டீச்சர் தம் வீட்டு ஜன்னலிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது.

கதவே இல்லாத அந்த இடத்தில்கூட, நிலைச்சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். யாரையும் பின்பக்கமிருந்து தொடமாட்டார். சட்டைப் பொத்தானில் கை வைக்கும் முன் “இப்ப உங்க சட்டையக் கழட்டப் போறேன், சரியா?” என்று கேட்டுவிட்டு, மூச்சு ஒன்று விடும் நேரம் காத்திருப்பார். புதிதாக வந்த மாணவி எவளாவது கட்டிலில் இருப்பவரின் தலைக்கு மேலாக, “இவருக்கு ஒண்ணும் புரியாதுல்ல டீச்சர்?” என்று கேட்டால் தொலைந்தாள்.

“அவர்கிட்டயே கேளும்மா. பதில் வரலேன்னா உன் காது போதலேன்னு அர்த்தம்.”

அப்படிக் கேட்டவளைக் கட்டிலில் படுக்க வைத்து, பக்கத்துக் கம்பியைத் தூக்கி மாட்டி, இரண்டு பேரை விட்டு அவள் தலைக்கு மேலே அவளைப் பற்றியே பேசச் சொல்வார். ‘இவ நேத்து குளிச்சாளா? கொஞ்சம் நாத்தம் அடிக்குதே?’ என்ற தோரணையில். இருபது நிமிடம் அவள் வாயைத் திறக்கக் கூடாது. எழுந்து வரும்போது எவளும் சிரித்துக்கொண்டு வந்ததில்லை.

இவ்வளவு கறாரான மனுஷி வீட்டில் எப்படி என்று கேட்டால், அவர் கணவரைத்தான் கேட்க வேண்டும். பாவம், அவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்.

“நீ எதிர்ல உக்காந்தா சாப்பாடு தொண்டையில இறங்க மாட்டேங்குது. ஒவ்வொரு வாயா எண்ணிக்கிட்டிருக்க.”

“எண்ணலீங்க. முழுங்குறீங்களான்னு பாக்குறேன்.”

“வாயில போட்டத முழுங்காம வேற என்ன பண்ணுவாங்க?”

டீச்சர் எழுந்து அடுப்பைத் துடைக்கப் போய்விடுவார். இந்தப் பழக்கம் இரண்டு வருஷமாகத்தான். அதற்கு முன்பு அவரும் மற்றவர்களைப்போல் பேசிக்கொண்டே சாப்பிட்டவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்வதற்கு, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் போக வேண்டும்.

டீச்சர் முதன்முதலில் இங்கே வந்த நாளில் மதியச் சாப்பாட்டு நேரம். முப்பத்திரண்டு பேருக்கு நான்கு ஆயாக்கள். நாற்பது நிமிடத்தில் எல்லாரும் சாப்பிட்டு முடிக்க வேண்டும். பெரிய ஆயா ஒருவரின் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துப் பிடித்து, இரண்டு விரலால் மூக்கை அழுத்தினாள். மூச்சுக்குத் தவித்து வாய் திறந்தது. முழு ஸ்பூன் உள்ளே போனது. மறுபடி மூக்கு, மறுபடி ஸ்பூன். ஆயாக்களை அரக்கிகள் என்று நினைத்துவிட வேண்டாம். பசியோடு யாரும் படுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர்கள் அப்படிச் செய்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அந்த நேரத்தில் ஊட்ட அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஆனாலும் டீச்சர் அன்றைக்கே இல்லத்துக் கண்காணிப்பாளரின் அறைக் கதவைத் தட்டினார்.

அன்று ஆரம்பித்த சண்டை எட்டு வருஷம் நடந்தது. கண்காணிப்பாளர் அறைக்கும் சமையற்கட்டுக்கும் நடந்து நடந்து இவர் செருப்புத் தேய்ந்தது. ஆயாக்கள் இவருக்கு எதிராக மனுக் கொடுத்தார்கள். இவர் அவர்களுக்கு எதிராகக் கொடுத்தார். கடைசியில் இவர்தான் ஜெயித்தார். சாப்பாட்டு நேரம் ஒன்றரை மணியாக நீண்டது. ஊட்டுவதற்கு மாணவிகள் வந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில், வெள்ளைப் பலகையில், சிவப்பு எழுத்தில் இவரே சொல்லி எழுத வைத்த வாசகம் ஏறியது: ‘வாய் திறந்தால் மட்டும் ஊட்டு.’

“தொறந்தா சரின்னு அர்த்தம். தொறக்கலேன்னா வேணாம்னு அர்த்தம். அவ்வளவுதான், இதுல என்ன கஷ்டம்?” என்று வகுப்பில் கேட்பார். மாணவிகளுக்கும் இது சுலபமாகப் பிடிபட்டது. பரீட்சையில் தவறாமல் எழுதினார்கள். அந்தச் சண்டைக்குப் பிறகு பெரிய ஆயாவும் டீச்சரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. ஒரே கூடத்தில் பன்னிரண்டு வருஷம், வாளியை நகர்த்து, விளக்கைப் போடு என்பதற்கு மேல் இருவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை கிடையாது.

இனி வாத்தியார்.

ஜன்னலோரம் நாலாவது கட்டிலில் இருந்தவர். ஒன்பது வயதில் யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள், பிறகு எட்டிப் பார்க்கவில்லை. பேச்சு கிடையாது. கால்கள் மடங்கியே இருக்கும். நாள் முழுக்க ஒரு சின்னத் துண்டின் முனையை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டிருப்பார். யாரையும் அடிக்கமாட்டார், கடிக்கமாட்டார், துப்பமாட்டார். அதனால் ஒவ்வொரு வருஷமும் மாணவிகளின் முதல் பாடம் அவரிடம்தான். பல் துலக்கிவிடக் கற்றுக்கொண்டதும், காய்ச்சல் பார்க்கக் கற்றுக்கொண்டதும், ஊட்டக் கற்றுக்கொண்டதும் அவரிடம். இத்தனை நர்ஸ்களை உருவாக்கியவர் என்று கண்காணிப்பாளர் வேடிக்கையாக வைத்த பெயர்தான் வாத்தியார். அப்புறம் அதுவே அவர் பெயராகிவிட்டது.

நீலக் கட்டச் சீருடை கூடத்து வாசலில் தெரிந்தாலே வாத்தியார் வாயைத் திறந்துவிடுவார். ஸ்பூன் வருவதற்கு முன்பே. மாணவிகள் உருகிப்போவார்கள். “நம்மளப் பாத்தாலே எவ்வளவு ஆசை பாருங்க டீச்சர்!” டீச்சரும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். மூக்கைப் பிடித்துத் திறக்க வைத்த வாய் இப்போது தானாகத் திறக்கிறதே என்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த கூட்டத்தில் நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண் இருந்தாள். நெட்டை என்று கூப்பிடுவார்கள். உயரத்தை மறைக்கக் கூனிக்கொண்டே நடப்பாள். டீச்சர் இருமினால்கூட நோட்டில் எழுதிக்கொள்வாள் என்று தோழிகள் கிண்டல் செய்வார்கள். டீச்சருக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பயிற்சியின் பத்தாம் நாள் மதியம் நெட்டை வாத்தியாருக்கு ஊட்டினாள். அதற்கு நான்கு நாள் முன்னால்தான் டாக்டர் வாத்தியாருக்கு வலிப்பு மாத்திரையைக் கூட்டியிருந்தார். அந்த மாத்திரை கூடினால் ஆள் மந்தமாகிவிடுவார், விழுங்குவதும் மந்தமாகும். கோப்பில் அது இருந்தது. கோப்பை மாணவிகள் பார்க்க முடியாது. நெட்டை அரை ஸ்பூன் எடுத்தாள். வாய் திறந்தது, ஊட்டினாள். காத்திருந்தாள். வாய் திறந்தது, ஊட்டினாள். அவசரப்படவில்லை, திணிக்கவில்லை. டீச்சர் மூன்று கட்டில் தள்ளி நின்றபடி இரண்டு முறை அதைப் பார்த்து, மனதுக்குள் மெச்சிக்கொண்டு, அடுத்தவளிடம் போனார்.

சாயங்காலம் வாத்தியாருக்கு மூச்சு கொறகொறவென்று இழுத்தது. உதடு நீலமானது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாப்பாடு நுரையீரலுக்குள் போயிருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் இறந்துவிட்டார்.

யாருடைய தலையையாவது உருட்டியாக வேண்டும். மூன்று பேர் குழு உட்கார்ந்தது. நெட்டையின் நோட்டை மேசையில் வைத்தார்கள். ‘வாய் திறந்தார்’ என்று பதினேழு வரி, ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு. டீச்சரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். நீங்கள் கற்றுக்கொடுத்தபடி இந்த மாணவி நடந்துகொண்டாளா?

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பாடப்புத்தகத்துல, முழுங்கினதப் பாத்த பிறகுதான் அடுத்த வாய்னு இருக்கு. அத மாணவி கவனிச்சிருக்கணும்.”

புத்தகத்தில் அந்த வரி இருந்தது உண்மை. அதை அவர் வகுப்பில் ஒரு முறை வாசித்துக் காட்டியதும் உண்மை. ஆனால் சுவரில் எழுதி மாட்டியது வேறு வரி, பரீட்சையில் கேட்டது வேறு வரி. இரண்டு வாரப் பயிற்சியையே நிறுத்திவிடுவார்களோ, இருபது வருஷம் பட்ட பாடு மண்ணாகிவிடுமோ, மறுபடி மூக்கைப் பிடிக்க ஆரம்பித்துவிடுவார்களோ என்றெல்லாம் அந்த ஒரு நொடியில் மனதில் ஓடியதாகக் கணவரிடம் சொல்லியிருக்கிறார். பயம், வேறொன்றுமில்லை. தம்மைக் காப்பாற்றிக்கொண்டார். எதிர் நாற்காலியில் இருந்த நெட்டை நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். அந்தப் பெண் முதுகை நேராக்கி உட்கார்ந்து இவர் பார்த்தது அன்றைக்கு ஒரு முறைதான். கவனக்குறைவு என்று எழுதி அவளைப் படிப்பிலிருந்து நீக்கினார்கள்.

ஒரு வாரம் கழித்து டீச்சர் அந்த நோட்டை வாங்கிப் படித்தார். பதினோராவது வரிக்கும் பன்னிரண்டாவது வரிக்கும் நடுவில் நெட்டை இப்படி எழுதியிருந்தாள்: ‘துண்டைக் கீழே விட்டார். எடுத்து மடித்து மேசையில் வைத்தேன்.’

நோட்டை மூடி வைத்தார். பிறகு எழுந்து, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, துணி துவைக்கும் இடத்தில் இருந்த பெரிய ஆயாவிடம் போனார்.

“வாத்தியார் துண்ட எப்பவாவது கீழ விடுவாரா?”

பெரிய ஆயா துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். “வேணாம்னா விடுவாரு. போதும்னா விடுவாரு. வலிச்சாலும் விடுவாரு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் முப்பது வருஷமா பாக்குறேன் டீச்சரம்மா. மூக்கப் புடிக்கிற காலத்துலகூட, துண்டு விழுந்துச்சுன்னா நிறுத்திடுவோம். எங்க எல்லாருக்கும் தெரியும்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையே. நாங்க என்ன படிச்சவங்களா?”

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் வலித்தது. பன்னிரண்டு வருஷமாக வாத்தியாரின் ‘சரி’யைப் பாடமாக நடத்தியவருக்கு, அவருடைய ‘வேண்டாம்’ எங்கே இருந்தது என்று தெரிந்திருக்கவில்லை. பத்தடி தூரத்தில் வாளியோடு நின்றவளுக்குத் தெரிந்திருந்தது. கொடுமைக்காரி என்று ஒதுக்கிய வாயிலிருந்து பாடம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. மனம் வந்திருந்தால் அந்த மனுஷர் இன்றைக்கு ஜன்னலோரம் ஆடிக்கொண்டிருப்பார்.

மறுநாள் டீச்சர் ஒரு சோதனை செய்தார். எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு மாணவியைச் சீருடையோடு கூப்பிட்டு, கையில் காலி ஸ்பூனைக் கொடுத்து, வரிசையாகக் கட்டில் கட்டிலாக நடக்கச் சொன்னார். ஆறு பேர் வாயைத் திறந்தார்கள். காலி ஸ்பூனுக்கு. அவர்களுக்கு அது பசியும் இல்லை, ஆசையும் இல்லை. வாயைத் திறந்தால்தான் இது முடியும் என்று மூக்கைப் பிடித்த காலத்தில் கற்றுக்கொண்டதை நீலக் கட்டம் வந்த பிறகும் அவர்கள் மறக்கவில்லை. டீச்சர் அன்று குளிக்கும் இடத்துத் திரைக்குப் பின்னால் போய், வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதார்.

அழுது முடித்ததும் குழுவுக்குக் கடிதம் எழுதினார். ‘மாணவி நான் கற்பித்தபடியே நடந்தாள். தவறு என் பாடத்தில் இருக்கிறது. விசாரணையில் நான் முழுமையாகச் சொல்லவில்லை. அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.’ பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. மறுபடி எழுதினார். கல்லூரி முதல்வர் கூப்பிட்டு உட்காரவைத்து, “எல்லாம் ஆறிப்போச்சு. இப்போ எதுக்குக் கிளர்றீங்க? உங்களுக்கு ஓய்வு கிட்ட வருதில்ல?” என்று நயமாகச் சொன்னார். கிளறத்தான் வேண்டும் என்று டீச்சர் மறுபடி எழுதினார். இரண்டு வருஷத்தில் ஒன்பது கடிதம். ஓய்வுபெற இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதற்குள் அந்தப் பெண்ணைத் திரும்ப அந்தச் சீருடைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்பதுதான் அவர் நினைப்பு.

பலகையை இறக்கிவிடச் சொல்லியும் கேட்டார். அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் அந்த வாசகத்தைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கண்காணிப்பாளர் அதற்குப் புதுச் சிவப்பு அடித்து, ஓரத்தில் ஒரு பூவும் வரைய வைத்தார். வேறு இரண்டு இல்லங்களில்கூட அதே வாசகத்தை எழுதி மாட்டியிருக்கிறார்களாம். “உங்க பேரச் சொல்ற போர்டு டீச்சர், அதப் போய் எடுக்கச் சொல்றீங்களே!”

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட்டையைத் தேடிப் போனார். அவள் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். உயரம் அங்கே வசதியாக இருந்தது. ஏணி இல்லாமலே மேல் தட்டுத் துணியை எடுத்தாள். இவரைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது.

“நல்லா இருக்கீங்களா டீச்சர்?”

“இருக்கேம்மா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“நானும் ஒண்ணு கேக்கணும். நீங்க சொல்லிக்கொடுத்தபடிதானே நான் செஞ்சேன்?”

“ஆமா.”

“அப்ப அங்க ஏன் அதச் சொல்லல?”

டீச்சர் எதிரே கிடந்த துணியின் முனையைப் பிடித்துக்கொண்டார்.  மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டை அதைக் கவனித்துக் குரலை மாற்றிக்கொண்டாள்.

“என்ன காட்டட்டும் மேடம்?”

ஒரு வெள்ளைத் துண்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஆரம்பத்தில் அவர் கழுத்தில் கட்டிக்கொண்டாரே, அதுதான். விரல்களுக்கு நடுவில் இருப்பது வாத்தியாருடையது. அவருடைய சாமான்களை எரிக்க எடுத்துப்போனபோது பெரிய ஆயா அதை மட்டும் ஒளித்து வைத்து, பிறகு டீச்சரிடம் கொடுத்தாள். இப்போது இரண்டு பேரும் தினமும் பேசுகிறார்கள். மீதி முப்பத்தொரு பேருக்கும் முப்பத்தொரு நோட்டு போட்டிருக்கிறார் டீச்சர். யாருடைய ‘வேண்டாம்’ எங்கே இருக்கிறது என்று பெரிய ஆயா சொல்லச் சொல்ல இவர் எழுதிக்கொள்கிறார். ஒருவருக்குக் கால் பெருவிரலில் இருக்கிறது. ஒருவர் வேண்டாம் என்றால் சிரிப்பார். இன்னும் பதினொரு நோட்டு காலியாகக் கிடக்கிறது, பெரிய ஆயாவுக்கும் தெரியவில்லை. அந்தப் பதினொரு பேருக்கும் தினம் மூன்று வேளை ஊட்டியாக வேண்டியிருக்கிறது.

இன்று காலை ஒன்பதாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. இரண்டே வரி. மறுபரிசீலனைக்கு இடமில்லை. கோப்பு முடிக்கப்பட்டது. டீச்சர் அதை நின்றபடி படித்தார். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். புது மாணவிகள் வந்து கூடத்தில் காத்திருப்பதாகச் சொன்னார்கள். நிலைச்சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய், கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டார்.

கிண்ணம் இப்போது பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. பெண்களின் சிரிப்பு அடங்கிவிட்டது. கன்னம் உப்பிய பெண் கெட்டிக்காரிதான். அளவு மாறவில்லை, அவசரம் இல்லை. ஒவ்வொரு முறையும் வாய் திறக்கும்வரை ஸ்பூனை அந்தரத்தில் பிடித்துக் காத்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் சுவரில் சிவப்பு எழுத்து பளபளவென்று இருக்கிறது. ஆறாவது வாயிலிருந்து டீச்சர் விழுங்கவில்லை. கிழங்கு இரண்டு கன்னத்திலும் அடைந்து கிடக்கிறது. தொண்டை அசையவில்லை. கண்ணில் நீர் கோத்து நிற்கிறது. இருபத்துமூன்று பெண்களும் ஸ்பூனையும் உதட்டையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முன்கூட்டியே சொல்லிவிடலாம்தான். துண்டைப் பாருங்கள் என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையிலும் எழுதுவார்கள். அப்புறம் அடுத்தவரின் கால் பெருவிரலைப் பார்க்காமல் அவர் கையில் துண்டைத் தேடுவார்கள். அதனால் அவர் சொல்வதில்லை.

டீச்சரின் விரல்கள் விரிகின்றன. துண்டு மடியிலிருந்து வழுக்கித் தரையில் விழுகிறது.

ஒரு நொடி எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். “ஐயோ, டீச்சர் துண்டு,” என்று கன்னம் உப்பிய பெண் குனிந்து எடுக்கிறாள். நல்ல வளர்ப்பு. ஒட்டியிருந்த தூசியை உதறிவிட்டு, நாலாக மடித்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் மேசைமேல் வைக்கிறாள். நோட்டுக்காரி அதையும் எழுதிக்கொள்கிறாள். ஸ்பூன் மறுபடி எழும்பி வந்து உதட்டுக்கு முன்னால் நிற்கிறது.

“இன்னும் கொஞ்சம்தான் டீச்சர். ஆ காட்டுங்க.”

டீச்சர் வாயைத் திறக்கிறார்.